உப்புத்திட்டில் மூன்றாவது கொடி

கிட்டே வந்து உட்காரு தாயி. இன்னும் கிட்டே. கரும்புத் தோகை இரைகிற இரைச்சலில் நான் சொல்வது பாதி உன் காதில் விழாது, இரண்டாம் தரம் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. அந்தச் சாக்கை இழுத்துப் போட்டுக்கொள். தண்ணீர் குடித்தாயா? குடி முதலில். ஆறு மைல் நடந்து வந்திருக்கிறாய்.

என் அக்கா தையல்நாயகி சொல்லி அனுப்பினாள் என்கிறாய். அக்காவுக்கு நெஞ்சை அடைக்கிறது, எழுந்து உட்கார முடியவில்லை, தம்பியை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்கிறாள். சரி. நீ காரைக்காலில் கப்பலேறி இந்தக் குவாதலூப்பில் இறங்கி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் சங்கதி உனக்குத் தெரியாது. "கூடப் பொறந்தவங்க பதினெட்டு வருஷம் பேசாம இருக்கலாமா அண்ணே" என்று கேட்டாய் பார், அதற்குத்தான் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீயே ஒரு நியாயம் சொல்லு, நான் போக வேண்டுமா வேண்டாமா என்று.

அபிராமி எப்படி இருக்கிறாள்? என் பெண்சாதி. அக்காவோடுதான் இருக்கிறாள், நீ பார்த்திருப்பாய். ஒல்லியாக, மோவாயில் மச்சம். என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா? இல்லையா. அவள் யாரிடமும் அதிகம் பேசமாட்டாள். அக்காவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று நான்தான் விட்டு வைத்திருக்கிறேன்.

எங்கள் அப்பா வேதாரண்யத்துப் பக்கம் உப்பு வாரினவர். நானும் வாரினவன். அக்கா புருஷனைப் பறிகொடுத்த பிறகு நாகப்பட்டினத்தில் ஒரு இங்கிலீஷ்காரத் துரை வீட்டில் பிள்ளை தூக்கினாள். அவளுக்கு இங்கிலீஷ் பேச்சு தண்ணீர் பட்ட பாடு. இங்கே வந்து இறங்கின ஆறாம் மாதம் இந்த ஊர்ப் பேச்சும் பேசினாள். நான் இன்னும் "ஆமாம் முசே, இல்லை முசே" தவிர ஒன்றும் கற்கவில்லை. கெட்டிக்காரி. அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

முதல் மூன்று வருஷம் கரும்பு வெட்டினோம். என் மகன் அகோரம் இங்கேதான் பிறந்தான். அப்புறம் தோட்டத்து முதலாளி முசேவுக்கு நாங்கள் உப்பு வாரின சனம் என்று எப்படியோ தெரிந்துபோயிற்று. முப்பத்தோரு பேரைப் பொறுக்கி எடுத்துப் படகில் ஏற்றி, ஒரு நாளும் ஒரு பொழுதும் கடலில் போகிற தூரத்தில் ஒரு திட்டில் இறக்கிவிட்டான். அந்தத் திட்டுக்குப் பிரெஞ்சுக்காரன் ஒரு பெயர் வைத்திருந்தான், இங்கிலீஷ்காரன் ஒரு பெயர் வைத்திருந்தான். எங்கள் நாக்குக்கு இரண்டும் வரவில்லை. உப்புத்திட்டு என்றோம். இந்த முனையில் நின்று கத்தினால் அந்த முனையில் கேட்கும், அவ்வளவுதான். நடுவில் ஒரு உப்பேரி. வடக்கே ஒரு மேடு, தெற்கே ஒரு மேடு. மரம் கிடையாது தாயி. நிழல் வேண்டும் என்றால் உப்பு அம்பாரத்துக்குப் பின்னால் போய் உட்கார வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் மழைக்குத் தேங்குகிற ஒரு பாறைக்குழி, அது கையளவு. பத்து நாளைக்கு ஒரு தரம் முசேவின் படகு வரும். அரிசி, கருவாடு, பத்துப் பீப்பாய் தண்ணீர் இறக்கும். உப்பை ஏற்றிக்கொண்டு போகும்.

இரண்டு மாதம் அப்படியே நடந்தது. பாத்தி கட்டினோம், வாருபலகை செய்தோம், நல்ல உப்பு விளைந்தது. கடலைப் பார்த்தபடி பாடிக்கொண்டு வாரினோம் என்றால் நம்புவாயா?

மூன்றாம் மாதம் ஒரு போர்க்கப்பல் வந்தது. இங்கிலீஷ்காரனுடையது. வடக்கு மேட்டில் கொடி நட்டான். அந்த உப்பைப் பார்த்துத்தான் வந்தானா, சும்மா வீம்புக்கு வந்தானா, எனக்குத் தெரியாது. நாலாம் நாள் பிரெஞ்சுக்காரன் கப்பல் வந்தது. தெற்கு மேட்டில் கொடி நட்டான். இரண்டு கப்பலும் பீரங்கி வாயைத் திறந்துகொண்டு எதிரும் புதிருமாக நின்றன. நாங்கள் நடுவில், கையில் வாருபலகையோடு.

சுடவில்லை. அதற்குப் பதிலாக மேசை போட்டார்கள். ஆமாம் தாயி, எங்கள் உப்புப் பாத்தி வரப்பில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டு, இரண்டு கேப்டனும் எதிரெதிரே உட்கார்ந்து கோழி சாப்பிட்டார்கள். அக்கா போய்ப் பக்கத்தில் நின்று காது கொடுத்தாள். அவர்கள் முடிவு செய்தது இதுதான். அவரவர் தேசத்துக்குக் கடுதாசி போகும். பதில் வருகிற வரைக்கும் இந்தத் திட்டில் இரண்டு பேரும் காலை வைக்கக் கூடாது. ஒரு பொருளை இறக்கக் கூடாது, ஒரு பொருளை ஏற்றக் கூடாது. இருந்தது இருந்தபடி இருக்க வேண்டும். எவன் ஒரு மூட்டை இறக்குகிறானோ அவன் திட்டைத் தன்னுடையது என்று சொல்கிறான் என்று அர்த்தம். அப்புறம் பீரங்கிதான்.

அக்கா இங்கிலீஷ்காரனிடம் கேட்டாள், "எங்களை எதுல சேத்திருக்கீங்க தொரை, எறக்கறதுலயா, ஏத்தறதுலயா?"

அவன் யோசித்துவிட்டுச் சொன்னானாம், நீங்கள் திட்டோடு சேர்ந்தவர்கள், இருந்தபடி இருங்கள் என்று.

தண்ணீர்?

அதுவும் இருந்தபடிதான்.

மேசையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கோழி எலும்பு மட்டும் வரப்பில் கிடந்தது. பத்தாம் நாள் முசேவின் படகு தண்ணீரோடு வந்தது. அதைப் பிரெஞ்சுக்காரனே மறித்துத் திருப்பி அனுப்பினான். எட்டத்தில் இங்கிலீஷ்காரன் துர்பீன் குழாயைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தானே, அதனால். எங்கள் கண்ணெதிரே பத்துப் பீப்பாயும் திரும்பிப் போயிற்று. பக்கிரி என்று ஒரு பெரியவர் எங்களோடு இருந்தார், அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கும்பிட்டார். படகுக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதன் பிறகு குழித்தண்ணீர்தான். அக்கா அளந்தாள். கொட்டாங்கச்சியால் ஆளுக்கு மூன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் ஒன்று. அரிசியைக் கடல்தண்ணீரில் வேகவைத்துப் பார்த்தோம், வாயில் வைக்க முடியவில்லை. வயிற்றைக் கலக்கி உள்ளே இருந்த கொஞ்ச தண்ணீரும் போயிற்று. வெயில் உப்பில் பட்டுத் திரும்பி முகத்தில் அடிக்கும். உதடு வெடித்து ஒட்டிக்கொள்ளும், வாயைத் திறந்தால் கிழியும். அதனால் பேச்சே நின்றுபோயிற்று. அக்கா ஒருத்திதான் பேசிக்கொண்டிருந்தாள்.

வடக்குக் கரைக்குப் போய், நாங்கள் நாகப்பட்டினத்துக்காரர்கள், உங்கள் ராணி சனம், எங்களுக்குத் தண்ணீர் கொடுங்கள் என்பாள். அவன் சந்தோஷமாக ஒரு காகிதத்தை நீட்டுவான், எல்லாரும் விரல் பதியுங்கள், இந்தத் திட்டில் ராணி தயவால் குடியிருக்கிறோம் என்று. அதற்குள் தெற்கே பிரெஞ்சுக்காரன் ஒரு வெடி வெடிப்பான். இவன் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவான். அடுத்த நாள் தெற்குக் கரைக்குப் போய், நாங்கள் காரைக்காலில் கப்பலேறினவர்கள், உங்கள் சனம் என்பாள். அவனும் காகிதம் நீட்டுவான். வடக்கே இங்கிலீஷ்காரன் வெடிப்பான். இப்படியே ஐந்து நாள். அவள் கெட்டிக்காரத்தனம் ஒரு சொட்டுத் தண்ணீர் கொண்டுவரவில்லை, இதைக் கவனித்துக்கொள்.

ஆறாம் நாள் பக்கிரி பெரியவர் பாத்தி வரப்பில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. என் பெரியப்பா ஊரில் காத்தாயி கோயில் பூசாரி. நான் அவருக்கு உடுக்கை தூக்கிக்கொண்டு போனவன். எல்லாம் பார்த்திருக்கிறேன். மழை இல்லை என்றால் காத்தாயிக்குக் கொடி ஏற்றிக் காப்புக் கட்டுவார்கள், பத்தாம் நாள் கொடி இறங்குவதற்குள் மழை வந்துவிடும். வராத வருஷமும் உண்டு, அதை விடு. ஆனால் ஒரு கட்டு இருக்கிறது, உனக்கே தெரியும். கொடி ஏறினால் இறங்குகிற வரை காப்புக் கட்டினவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அவனோடு போகாது, ஊரையே அடிக்கும்.

சனங்களிடம் சொன்னேன். எல்லார் கண்ணிலும் ஒரு உயிர் வந்தது தாயி. அதுவரை என்னை யாரும் ஒரு ஆளாக மதித்ததில்லை, தையலு தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். அன்றைக்குப் பூசாரி என்றார்கள்.

மரம் இல்லையே, கொடிக்கம்பத்துக்கு எங்கே போவது? தண்ணீர்ப் பீப்பாய் தூக்குகிற நீளக் கழி ஒன்று சும்மா கிடந்தது. அதை எடுத்து உப்பேரிக் கரையில் நட்டேன். என் வேட்டியை மஞ்சளில் நனைத்தேன். கடல்தண்ணீரில் அம்மன் துணியை நனைக்க முடியுமா? குழித்தண்ணீரில் அரைக்குடம் எடுத்தேன். அக்கா குடத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். அரைக்குடம்தானே. ஒரு நல்ல காரியத்துக்கு அரைக்குடம் தண்ணீர் விடமாட்டேன் என்கிறவளை என்ன சொல்வது? நாலு பேர் சேர்ந்து அவள் கையை எடுத்துவிட்டார்கள். அபிராமி கூறைப்புடவையின் சிவப்புக் கரையைக் கிழித்து மேலேயும் கீழேயும் தைத்தேன். நடுவில் மஞ்சள், இரண்டு பக்கமும் சிவப்பு. காற்றில் விரிந்தபோது அவ்வளவு அழகு. திட்டைச் சுற்றிக் கரையோரமாகச் சாம்பல் போட்டுக்கொண்டே நடந்து எல்லை கட்டினேன். எல்லார் கையிலும் மஞ்சள் துண்டு வைத்துக் காப்புக் கட்டினேன். அகோரத்துக்கும் கட்டினேன். சிரித்தான். அவன் கை மெலிந்திருந்தது, கயிறு நிற்கவில்லை, இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினேன்.

அதற்கப்புறம் நடந்ததைக் கேள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கும்.

மறுநாள் காலையில் இரண்டு கப்பலிலும் ஒரே ஓட்டமும் நடையும். துர்பீன் எங்கள் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்பெயின் என்று இன்னொரு தேசம் இருக்கிறதாமே, அவன் கொடியும் சிவப்பு மஞ்சள் சிவப்புதானாம். எங்கிருந்தோ மூன்றாவது ஒருத்தன் வந்து திட்டைப் பிடித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டார்கள். இத்தனை நாளாக ஒருத்தனை ஒருத்தன் விழுங்குகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே படகில் ஏறி வந்தார்கள். ஒரு பக்கத் துடுப்பு அவன் ஆள், மறு பக்கத் துடுப்பு இவன் ஆள். படகு வட்டமடித்து வட்டமடித்துத்தான் கரைக்கு வந்தது. இருபதடிக்கு அப்பால் நின்றது. காலை வைக்கக் கூடாதே.

யார் கொடி என்று கேட்டார்கள். நான் முன்னே போய், காத்தாயி கொடி என்று சொல்லு அக்கா என்றேன். அவள் சொல்லவில்லை. என்னைப் பின்னால் தள்ளிவிட்டு, உங்களுக்கு யார் கொடியாகத் தெரிகிறது என்று கேட்டாள். அவர்களே ஸ்பெயின் என்றார்கள். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஏற்றினவர் சொல்லாமல் நாங்கள் எப்படிச் சொல்வது என்றாள். பார்த்தாயா? காத்தாயி கொடியைப் பெயரில்லாத கொடி ஆக்கினாள்.

இரண்டு கேப்டனும் தலையோடு தலை வைத்துக் குசுகுசுவென்று பேசினார்கள். அப்புறம் சொன்னார்கள். நீங்கள் எங்கள் சனம் இல்லை, அவன் சனமும் இல்லை, மூன்றாவது ராஜா சனம். உங்களை ஏற்றிக்கொண்டு போனால் எங்கள் ஒப்பந்தம் கெடாது. கொடியை இறக்கிவிட்டு எல்லாரும் வந்து படகில் ஏறுங்கள், வேறு தீவில் கொண்டுபோய் விடுகிறோம். படகிலேயே ஒரு பீப்பாய் தண்ணீர் இருக்கிறது. கரையில் இறக்க மாட்டோம். ஏறினால் குடிக்கலாம்.

மூடியைத் திறந்து காட்டினான் ஒருத்தன். ஒரு குவளை மொண்டு, திரும்ப ஊற்றிக் காட்டினான். அந்தச் சத்தம் கேட்டது தாயி. முப்பது பேருக்கும் கேட்டது.

சனம் அப்படியே கரைக்கு நகர்ந்தது. நான் ஓடிப் போய்ச் சாம்பல் கோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்தேன். கொடி ஏறி இரண்டாம் நாள், இன்னும் எட்டு நாள் இருக்கிறது, கையைப் பாருங்கள், காப்பைப் பாருங்கள் என்றேன். இந்தப் படகை அனுப்பினதே காத்தாயி, நம்மைச் சோதிக்க அனுப்பியிருக்கிறாள், நின்றால் மழை தருவாள் என்றேன். நின்றார்கள். ஒருத்தர்கூடத் தாண்டவில்லை. என் வார்த்தைக்கு முப்பது பேர் நின்றார்கள். அப்பேர்ப்பட்ட பக்தி இந்தக் காலத்தில் எங்கே இருக்கிறது?

அக்கா மட்டும் என் சட்டையைப் பிடித்துக் கேட்டாள், உனக்கு மந்திரம் தெரியுமா, உனக்கு யார் பட்டம் கட்டினது என்று. அவள் கையை விலக்கிவிட்டுக் கோட்டிலேயே நின்றேன். அக்கா என்பதால் அதோடு விட்டேன்.

படகு அன்று பொழுது சாய்கிற வரை நின்றது. மறுநாள் காலையில் திரும்ப வந்து அதே இடத்தில் நின்றது. நாங்கள் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். குழியில் சேறுதான் இருந்தது, துணியில் பிழிந்து நாக்கில் வைத்தோம். மேகம் வந்ததா என்று கேட்கிறாயா? வந்தது. தெற்கே ஒரு கைக்குட்டை அளவு வந்தது. வந்துவிட்டுப் போயிற்று.

நாலாம் நாள் மத்தியானம் அபிராமி அகோரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கோட்டுக்கு வந்தாள். பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை, நாக்கு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நான் போகமாட்டேன், பிள்ளையை மட்டும் அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன் என்றாள். அவன் கையில் காப்பு இருக்கிறதே, என்ன செய்ய? நான் வழிவிடவில்லை. அக்கா ஓடிவந்தாள், கையில் கருவாடு அரிகிற கத்தி.

"புள்ளை கயித்தை அறுத்துடறேன் உத்திராபதி. பாவம் எனக்கு வரட்டும். நீ திரும்பி நின்னுக்க."

நான் அவள் கையை முறுக்கிக் கத்தியைப் பிடுங்கிக் கடலில் எறிந்தேன். பாதியில் அறுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. நான் கட்டின காப்பு, எனக்குத் தெரியும். என் பிள்ளைக்கு ஒரு சட்டம், ஊரான் பிள்ளைக்கு ஒரு சட்டமா? என்னை நம்பி நிற்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? அன்றைக்கு அவள் காத்தாயி காப்பை அறுக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னாள். நினைத்தால்கூடப் பரவாயில்லை, வாய்விட்டுச் சொன்னாள். அவ்வளவுதான், காத்தாயி கோபித்துக்கொண்டாள். பிள்ளை பொழுது சாய்வதற்குள் போய்விட்டான்.

நீ ஏன் என்னை அப்படிப் பார்க்கிறாய்? தண்ணீர் குடி.

தெற்கு மேட்டுப் பக்கம் மணல் கொஞ்சம் இளக்கமாக இருக்கும், உப்பு ஏறாத மணல். அங்கே வைத்தோம். காப்புக் கட்டினவனுக்குத் தீட்டு கிடையாது, அழக்கூடாது என்று அபிராமியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. சொன்னபடி கேட்கிற பெண். மண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவும் இல்லை, பேசவும் இல்லை. அன்றிலிருந்து என்னோடு அவள் பேசினதாக ஞாபகம் இல்லை. காய்ச்சலில் தொண்டை போயிருக்கும்.

அந்தத் திட்டு யாருக்குக் கிடைத்தது என்று கேட்பாய். ஒருத்தருக்கும் இல்லையாம். இத்தனை வருஷம் கழித்தும் வருஷத்துக்கு ஒரு தரம் இரண்டு கப்பலும் போய்த் தங்கள் கொடியைப் புதுசாக மாற்றிவிட்டு வருகிறதாம். உப்பு தானே விளைந்து தானே கரைகிறதாம். இந்தத் தீவுக்கே திரும்பி வந்த பிறகு யாரோ மாலுமி சொன்னான். எங்கள் சாம்பல் கோடு இருக்கிறதா என்று கேட்டேன். அவன் சிரித்தான்.

சரி. ஐந்தாம் நாள் காலை. அதுதான் என் வழக்கு. கவனமாகக் கேள்.

படகு வந்து நின்றது. அக்கா தெற்கு மேட்டுப் பக்கமிருந்து வந்தாள். இடுப்பில் ஒரு துணி முடிச்சு. நேராகக் கொடிக்கழியிடம் போனாள், சனத்தைக் கூப்பிட்டாள். படுத்துக் கிடந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள். முடிச்சை எடுத்து எல்லாருக்கும் காட்டினாள்.

"நம்ம பூட்டன் காத்தாயியை எப்படிக் கொண்டாந்தான்? காட்டுக் கோயில்லேருந்து பிடிமண்ணு எடுத்து, மடியில கட்டிக்கிட்டு நடந்து வந்தான். மண்ணு வந்துச்சு, அவளும் வந்தா. வச்ச எடம் கோயிலு, சுத்தினது எல்லை. நான் பிடிமண்ணு எடுத்துட்டேன். கொடி எறங்கல. ஊருதான் நகருது. அந்தப் படகு இனிமே நம்ம ஊரு."

இதைச் சொல்ல அவளுக்கு என்ன உரிமை? பிடிமண் எடுப்பது என்றால் பூசாரி விரதம் இருந்து, குறி கேட்டு எடுக்க வேண்டும். நான் எழுந்து போய்க் கழியைப் பிடித்துக்கொண்டேன். அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் கழியை ஆட்டினார்கள். என் பிடி நிற்கவில்லை. இத்தனை நாள் தாகம், வேறொன்றும் இல்லை. கழி மண்ணை விட்டு வந்தது, நான் கீழே விழுந்தேன்.

கொடி இறங்கவில்லை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். நிமிர்த்தியபடியே தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். கொடியைச் சுருட்டு என்று படகிலிருந்து கத்தினார்கள். இந்தக் கொடி இறங்காது, இந்த இடத்தை விட்டுப் போகும், உங்களுக்கு அதுதானே வேண்டும் என்று இரண்டு பேச்சிலும் சொன்னாள். அவர்கள் ஒருத்தனை ஒருத்தன் பார்த்தார்கள். படகின் நடுவில் பாய்மரம் செருகுகிற ஓட்டையில் கழியைச் செருகினபோது இரண்டு கேப்டனும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். காத்தாயிக்கு வெள்ளைக்காரன் தொப்பி கழற்றினான். அது நான் ஏற்றின கொடிக்குக் கிடைத்த மரியாதை, அதையும் ஒருத்தரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

ஒவ்வொருத்தராகக் கோட்டைத் தாண்டினார்கள். தாண்டுகிறபோது ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. படகில் ஏறிக் குவளையை வாங்கிக் குடித்தார்கள். சிலர் குடித்து வாந்தி எடுத்துத் திரும்பக் குடித்தார்கள். நான் கழி நட்ட குழியிலேயே உட்கார்ந்திருந்தேன். யார் போனால் என்ன, பூசாரி எல்லையைத் தாண்ட மாட்டான்.

அபிராமியும் போகவில்லை. மகன் பக்கத்தில்தான் இருந்தாள். அப்பாடா, எனக்கென்று ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்தேன். அக்கா படகிலிருந்து இறங்கி வந்து அவள் காதில் ஏதோ சொன்னாள். அபிராமி எழுந்தாள். என்னைத் தாண்டித்தான் போக வேண்டும், தாண்டிப் போனாள். புடவை என் தோளில் உரசியது. நிற்கவில்லை.

நான் ஒருத்தன்தான் பாக்கி. துடுப்பை எடுத்துவிட்டார்கள். வெள்ளைக்காரன் கையைக் காட்டி என்னமோ கேட்டான், இவன் வருகிறானா இல்லையா என்று கேட்டிருப்பான். அக்கா திரும்ப இறங்கினாள். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, கத்தாமல், பக்கத்தில் இருக்கிறவனிடம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"இது காத்தாயி மண்ணு இல்லடா. ஒம் மவன் படுத்திருக்கற மண்ணு. அவன் போறான். நீ வர்றியா?"

தாயி, முப்பது பேரிடமும் பிடிமண் என்று சொன்னவள். கடவுள் மண் என்று எல்லாரும் கும்பிட்டுவிட்டுத்தான் படகில் ஏறினார்கள். பொய். காத்தாயி அந்த மண்ணில் இல்லை. அவள் திட்டிலேயே, அந்தக் குழியிலேயே தனியாக நின்றுவிட்டாள். இந்த ஏமாற்று வேலையை யாரிடம் போய்ச் சொல்வது? இன்றைக்கு வரை ஒருத்தரிடமும் சொன்னதில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. சாம்பல் கோட்டை எப்போது தாண்டினேன் என்றும் தெரியவில்லை. கழுத்தளவு தண்ணீரில் தடுமாறி, யாரோ கையைப் பிடித்துத் தூக்கிப் போட்டார்கள். குவளையை நீட்டினார்கள். எனக்குத் தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. அக்கா ஏறி வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். நான் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினேன். அப்பன் நான். என் பிள்ளை. அந்த மண்ணை என் கையில்தானே தர வேண்டும்? நீயே சொல்லு, வேறு யார் கையில் தருவது?

அக்கா முடிச்சை எடுத்தாள். நீட்டின என் கையைப் பார்த்தாள். அப்புறம் திரும்பி, அதை அபிராமியின் மடியில் வைத்து, முந்தானையால் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கினாள்.